கனடாவின் கிளாடூ விதி: பூர்வகுடி மக்களுக்குத் தண்டனை விதிக்கும்போது நீதிபதி எதைப் பார்க்கிறார்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ரொறன்ரோ நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். நம் வழக்கைக் கூப்பிடும் வரை வாங்கில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் இந்த வேலையில் அதிகம். அப்படி இருக்கும்போது மற்றவர்களின் வழக்குகளும் காதில் விழும். பக்கத்தில் இருக்கும் நம் ஆட்கள் மெல்லக் குனிந்து, "கிளாடூ, கிளாடூ எண்டு சொல்லுகினமே, அது என்ன? அவைக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?" என்று கேட்பார்கள். கோயில் வாசலிலும் பிறந்தநாள் விருந்திலும்கூட இதே கேள்வி வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வருவதைவிட, ஒரு முறை இருந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் சட்டத்தரணி அல்ல. உங்கள் சொந்த வழக்கு பற்றி அறிய வேண்டுமானால் சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, கிளாடூ என்றால் என்ன?

அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர். ஜேமி கிளாடூ என்ற பெண்ணின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 23 அன்று கொடுத்த தீர்ப்பிலிருந்து அந்தப் பெயர் சட்டத்துக்கு வந்தது.

ஆனால் விதி அதற்கு முன்பே இருந்தது. 1996 செப்டம்பரில் குற்றவியல் கோவையின் தண்டனைப் பகுதியைத் திருத்தினார்கள். அப்போது சேர்த்ததுதான் 718.2 பிரிவின் 'ஈ' (e) உட்பிரிவு. சிறைக்கு அனுப்புவதற்கு முன், சூழ்நிலைக்குப் பொருந்துகிற மற்றத் தண்டனைகள் எல்லாவற்றையும் எல்லாக் குற்றவாளிகளுக்கும் நீதிபதி யோசித்துப் பார்க்க வேண்டும். பூர்வகுடியினர் என்றால் அவர்களுடைய சூழ்நிலையைத் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும். சாரம் இவ்வளவுதான். எல்லாக் குற்றவாளிகளுக்கும் என்ற சொல்லை மனதில் வைத்திருங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருகிறேன்.

யாரைப் பூர்வகுடியினர் என்கிறார்கள்?

முதற்குடிகள், வடதுருவப் பகுதி மக்களான இனுயிட், முதற்குடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டீஸ் ஆகிய மூன்று பிரிவினரையும். 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவும் இந்த மூன்றையும்தான் சொல்கிறது. அரசின் பதிவு அட்டை கையில் இருக்க வேண்டும் என்றோ, முதற்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழ வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. ஸ்காபரோவில் அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவருக்கும் இது பொருந்தும்.

கிளாடூவின் வழக்கில் என்ன நடந்தது?

1995 செப்டம்பரில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோ நகரத்தில், தன் 19ஆவது பிறந்தநாள் இரவில் அந்தப் பெண் சேர்ந்து வாழ்ந்தவரைக் கத்தியால் குத்தினார். அவர் இறந்துவிட்டார். தன் சகோதரியோடு அவருக்குத் தொடர்பு இருக்கிறது என்ற சந்தேகத்தில் எழுந்த சண்டை அது. கொலையாகாத மனிதக்கொலை என்ற குற்றத்தை அந்தப் பெண் ஏற்றுக்கொண்டார். மூன்று ஆண்டு சிறை கிடைத்தது.

அவருடைய தாய் கிரீ இனத்தவர், தந்தை மெட்டீஸ். ஆனால் தண்டனை விதித்த நீதிபதி அந்தப் பெண் நகரத்தில்தானே வாழ்ந்தார், பூர்வகுடிச் சமூகத்துக்குள் வாழவில்லையே என்று நினைத்து, புதிய பிரிவைப் பொருட்படுத்தவில்லை. உச்ச நீதிமன்றம் அது பிழை என்றது. நகரமோ ஒதுக்கப்பட்ட நிலமோ, எங்கே வாழ்ந்தாலும் பிரிவு பொருந்தும். அதோடு நிற்காமல், இந்தப் பிரிவு ஏற்கெனவே இருந்த வழக்கத்தைத் திருப்பிச் சொல்வதற்காகப் போடப்பட்டது அல்ல, ஒரு குறையைத் தீர்ப்பதற்காகப் போடப்பட்டது என்றும் சொன்னது. என்ன குறை? 1997இல் கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடியினர் சுமார் 3 சதவீதம். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களை வைக்கும் கூட்டாட்சிச் சிறைகளில் இருந்தவர்களில் அவர்கள் 12 சதவீதம்.

அப்படியென்றால் இது இனத்தைப் பார்த்துக் கொடுக்கும் தள்ளுபடிதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆளைப் பார்க்காமல் நீதி கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் தண்டனை விதிப்பது விலைப்பட்டியல் பார்த்துக் காசு வாங்குவது போன்ற வேலை அல்ல. எந்தக் குற்றவாளி வந்தாலும் நீதிபதி இரண்டைப் பார்க்கிறார்: குற்றம் எவ்வளவு பாரதூரமானது, அதில் இந்த ஆளின் பொறுப்பு எவ்வளவு. இரண்டாவதை அளக்க வேண்டுமானால் ஆளைத் தெரிய வேண்டும். நம் பிள்ளை ஒருவன் நின்றால் அவன் சட்டத்தரணி என்ன செய்கிறார்? அப்பா எப்போது இறந்தார், முகாமில் எத்தனை வருடம் இருந்தான், எங்கே வேலை செய்கிறான் என்றுதானே எடுத்துச் சொல்கிறார்?

கிளாடூ தீர்ப்பு நீதிபதியிடம் இரண்டு வேலை கேட்கிறது. ஒன்று, இந்த ஆளை இந்தக் கூண்டு வரை கொண்டுவந்து நிறுத்தியதில் பூர்வகுடி மக்களுக்கு நேர்ந்தவற்றின் பங்கு என்ன என்று பார்ப்பது. இரண்டு, அவருடைய பின்னணிக்கும் சமூகத்துக்கும் எந்த வகையான நடைமுறையும் தண்டனையும் பொருந்தும் என்று பார்ப்பது. பார்த்த பிறகும் சிறைதான் சரி என்றால் சிறைதான். தானாகக் குறைகிற கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் விதி.

பாட்டி பள்ளிக்கூடம் போனதற்கும் பேரன் களவெடுத்ததற்கும் என்ன சம்பந்தம்?

எந்தப் பள்ளிக்கூடம் என்று முதலில் சொல்ல வேண்டும். கனடா அரசும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய வதிவிடப் பாடசாலைகள் அவை. நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தன. கடைசியாக இருந்தவை மூடப்பட்டது 1990களில்தான். சுமார் 1,50,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். 1920க்குப் பிறகு பிள்ளையை அனுப்ப மறுத்தால் சட்டம் பாயும். அங்கே தாய்மொழி பேசினால் அடி. பட்டினி, நோய், பாலியல் கொடுமை எல்லாம் நடந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. 2008 ஜூனில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதியது.

ஐந்து வயதில் அம்மாவைப் பிரிந்து, பத்து வருடம் யாரும் அணைக்காமல் வளர்ந்த ஒரு பெண், பிறகு தன் பிள்ளையை எப்படி வளர்ப்பாள்? பார்த்துப் பழகாத ஒன்றை எங்கிருந்து கொண்டுவருவாள்? அந்தப் பிள்ளையை 1960களில் சமூகநலத் துறை எடுத்துக்கொண்டு போய் வேறு வீட்டில் வளர்த்தது. அந்தப் பிள்ளையின் பிள்ளைதான் இப்போது கூண்டில் நிற்கிற பேரன். நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் வரிசை இது. பெயர்கள்தான் மாறும்.

சில கீழ் நீதிமன்றங்கள், "பாட்டியின் பள்ளிதான் இந்தக் குற்றத்துக்குக் காரணம் என்று நிரூபித்துக் காட்டு" என்று கேட்டன. 2012இல் இப்பீலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. மனாசி இப்பீலி இக்காலுயிட்டைச் சேர்ந்த இனுயிட். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, குடியால் சீரழிந்த தாய் குளிரில் உறைந்து இறந்தார். பல வன்முறைக் குற்றங்களுக்குப் பிறகு இப்பீலி நீண்டகாலக் கண்காணிப்பில் இருந்தார். மது தொடக் கூடாது என்பது நிபந்தனை. கிங்ஸ்ரன் நகரத்தில் வெறியில் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டார். மூன்று ஆண்டு சிறை கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஓராண்டாகக் குறைத்தது.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லெபெல். குடியேற்ற ஆட்சி, இடம்பெயர்ப்பு, வதிவிடப் பாடசாலை ஆகியவற்றின் வரலாற்றையும், அவை இன்றும் குறைந்த கல்வியாக, வேலையின்மையாக, குடியாக, சிறையாகத் தொடர்வதையும் நீதிமன்றங்கள் நிரூபணம் கேட்காமலே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நேரடிக் காரணகாரியத் தொடர்பைக் காட்டும் சுமை குற்றவாளியின் தலையில் இல்லை. அந்த வரலாறு இந்த ஒருவரின் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்பது மட்டும் தெரிய வேண்டும்.

ஒன்று இடையில் சொல்லியாக வேண்டும். 1927 முதல் 1951 வரை, பறிபோன நிலத்தைக் கேட்டு வழக்குப் போடப் பூர்வகுடியினர் காசு திரட்டுவதே அரசின் அனுமதி இல்லாமல் குற்றம். நீதிமன்ற வாசலுக்கே வரவிடாமல் 24 வருடம் பூட்டி வைத்த சட்டம் அது. அதைத் தெரிந்த பிறகு "தனிச் சட்டம் ஏன்" என்ற கேள்வியை என்னால் பழைய மாதிரிக் கேட்க முடியவில்லை.

கிளாடூ அறிக்கை என்கிறார்களே, அது என்ன?

நன்னடத்தை அதிகாரி எழுதும் வழக்கமான தண்டனைக்கு முந்திய அறிக்கை ஆபத்தைக் கணக்கிடும்: வேலை இல்லை, நிலையான விலாசம் இல்லை, கூட்டாளிகள் சரியில்லை. கிளாடூ அறிக்கை அதே வாழ்க்கையை வேறு பக்கத்திலிருந்து சொல்லும். அதற்கென்று பயிற்சி பெற்றவர், பெரும்பாலும் பூர்வகுடியினரே, குற்றவாளியோடும் குடும்பத்தோடும் ஊர்ப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பேசி எழுதுவார். பல பக்கம் வரும். கடைசியில், எந்தச் சிகிச்சை நிலையத்தில் இடம் இருக்கிறது, எந்தப் பெரியவர் பொறுப்பெடுக்கச் சம்மதித்தார் என்று பரிந்துரைகள் இருக்கும்.

ரொறன்ரோவில் பூர்வகுடிச் சட்ட சேவை அமைப்பு இதை எழுதுகிறது. பழைய நகர மண்டபக் கட்டடத்தில் 2001 அக்டோபரில் கிளாடூ நீதிமன்றம் தொடங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 முதல் முதற்குடிகளின் நீதிப் பேரவை இந்தப் பொறுப்பை எடுத்திருக்கிறது. எல்லா இடத்திலும் இப்படி அமையவில்லை. எழுத ஆள் இல்லாத இடங்கள் இருக்கின்றன, அறிக்கைக்குக் காத்திருக்கும் மாதங்களை ஆள் உள்ளே இருந்தே கழிக்க வேண்டியும் வரும்.

ஒரு மாசி மாதக் காலை. எங்கள் வழக்குக்கு முன் ஓர் இளைஞனுக்குத் தண்டனை விதிக்கும் வழக்கு. எனக்குப் பக்கத்து வாங்கில் அவனுடைய சித்தியோ பெரியம்மாவோ, ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் ஒரு சோடி பனிச் சப்பாத்து. "கோடையில் பிடித்தார்கள். கான்வாஸ் சப்பாத்தோடு போனான். இன்றைக்கு விட்டால் பனியில் எப்படி நடப்பான்?" என்று என்னிடம் சொன்னார். நீதிபதி அறிக்கையை வரி வரியாக வாசித்திருந்தார் என்பது கேட்ட கேள்விகளில் தெரிந்தது. பன்னிரண்டு வயதுக்குள் எத்தனை வளர்ப்பு வீடு என்று எண்ணிச் சொன்னார்: ஒன்பது. அதைக் கேட்டபோது அந்த இளைஞன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். தன் வாழ்க்கையை இன்னொருவர் ஒழுங்காகச் சொல்லி அவன் முன்பு கேட்டிருப்பானா தெரியாது. தீர்ப்பைப் பிற்பகலுக்கு ஒத்திவைத்தார்கள். என்னை வேறு அறைக்குக் கூப்பிட்டார்கள். சப்பாத்து தேவைப்பட்டதா என்பது இன்றுவரை என் மனதில் நிற்கிறது.

கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கும் இது உண்டா?

உண்டு. பாரதூரமான குற்றங்களுக்கும் நீதிபதி பார்த்தே ஆக வேண்டும் என்று இப்பீலி தீர்ப்பு தெளிவாக்கியது. பார்ப்பதால் தண்டனை மாறும் என்பது இல்லை. 2000இல் வெல்ஸ் வழக்கில் பாலியல் தாக்குதலுக்குக் கொடுத்த 20 மாதச் சிறையை உச்ச நீதிமன்றம் அப்படியே விட்டது. முதல்தரக் கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம் என்பதால், அங்கே நீதிபதிக்கு நகர்வதற்கு இடமே இல்லை.

பாதிக்கப்பட்டவர்களை யார் பார்க்கிறார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுக்கக் கூடாது. பூர்வகுடி ஆண் செய்த வன்முறையில் அடிபடுவது பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்தான். அவளுக்கும் அதே பாட்டி, அதே பள்ளிக்கூடம். அவளுக்கென்று கிளாடூ அறிக்கை போன்ற ஒன்று இல்லை. காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது, பெண்களுக்கு எதிரான வன்முறை வழக்குகளில் கிளாடூ விதி எப்படிச் செயற்படுகிறது என்று ஆராய வேண்டும் என்று கேட்டது. அதே ஆண்டு குற்றவியல் கோவையைத் திருத்தி, பாதிக்கப்பட்டவர் பூர்வகுடிப் பெண் போன்று எளிதில் தாக்குதலுக்கு ஆளாகும் நிலையில் இருப்பவரானால், அத்தகைய குற்றத்தைக் கண்டிப்பதற்கும் தடுப்பதற்கும் நீதிபதி முதலிடம் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். இரண்டு கட்டளைகளும் ஒரே மேசையில் இருக்கின்றன. நீதிபதிக்கு அது கடினமான வேலை. கடினமாக இருக்க வேண்டிய வேலைதான் என்பது என் எண்ணம்.

சிறை இல்லாவிட்டால் வேறு என்ன?

இரண்டு வருடத்துக்குக் குறைந்த தண்டனையானால், நிபந்தனைகளோடு வீட்டிலிருந்து அனுபவிக்க விடலாம். நன்னடத்தைக் கண்காணிப்பு, மது நிறுத்தும் சிகிச்சை, பெரியவர்களோடு காட்டில் தங்கும் முகாம் என்று வழிகள் உண்டு. வட்டமாக உட்கார்ந்து தண்டனையைப் பேசுவதும் உண்டு. 1992இல் யூகொன் பிரதேசத்தில் நீதிபதி பாரி ஸ்ருவர்ட், உயர்ந்த மேடை வேண்டாம் என்று நாற்காலிகளை வட்டமாகப் போட வைத்தார். குற்றவாளி, குடும்பம், பொலிஸ், அரச தரப்புச் சட்டத்தரணி, ஊரவர் எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்து பேசினார்கள். சிறையே ஆனாலும் ஆற்றுப்படுத்தும் இல்லங்கள் சில இருக்கின்றன. சஸ்காச்சுவானில் மேப்பிள் கிரீக் அருகே பெண்களுக்கான ஒக்கிமா ஓச்சி இல்லம் 1995 முதல் நடக்கிறது.

இத்தனை ஆண்டில் சிறையில் பூர்வகுடியினர் குறைந்துவிட்டார்களா?

இல்லை, கூடிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. 12 சதவீதம் என்று உச்ச நீதிமன்றம் பதறிய எண், 2020 ஜனவரியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. மக்கள்தொகையில் அவர்கள் 5 சதவீதம்தான். கூட்டாட்சிச் சிறைகளில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பூர்வகுடிப் பெண்கள்.

ஏன்? கிளாடூ விதி பேசத் தொடங்குவது கதையின் கடைசி அத்தியாயத்தில். அதற்கு முன் பொலிஸ் நிறுத்தி விசாரிப்பது, கைது, பிணை எல்லாம் முடிந்துவிடும். பிணைக்குப் பல நேரங்களில் வீடும் வேலையும் உள்ள ஒருவரைப் பொறுப்பு நிற்கக் கேட்பார்கள். அப்படி ஒருவர் இல்லாதவர் உள்ளே கிடந்து அலுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வரப் பார்ப்பார். அடுத்த முறை அது பழைய குற்றமாகப் பதிவில் நிற்கும். பிணை கொடுக்கும்போதும் பூர்வகுடியினரின் சூழ்நிலையைப் பார்க்கச் சொல்லும் பிரிவு 2019இல்தான் சேர்ந்தது. சிறைக்குள் போனபின், இவர் எவ்வளவு ஆபத்தானவர் என்று புள்ளி போடும் சோதனைகள் பூர்வகுடியினருக்குச் சரியாகப் பொருந்துமா என்று சிறைத்துறை பார்க்கத் தவறியதாக 2018இல் ஏவெர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புள்ளி கூடினால் காவல் கடுமையாகும், முன்கூட்டிய விடுதலை தள்ளிப்போகும்.

அப்புறம், நாடாளுமன்றம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்தது. 2012 திருத்தம் பல குற்றங்களுக்கு வீட்டுத் தண்டனையைத் தடுத்தது. அதில் சிக்கியவர் ஷெயன் ஷர்மா. பெயரைப் பார்த்து நம் பக்கம் என்று நினைக்க வேண்டாம், சாகீன் முதற்குடியைச் சேர்ந்த ஓஜிப்வே பெண். வயது 20, கையில் ஒரு குழந்தை, இரண்டு மாத வாடகை பாக்கி, வீட்டை விட்டு எழுப்பும் நிலை. 20,000 டொலர் தருகிறேன் என்ற சொல்லை நம்பி, சுமார் இரண்டு கிலோ கொக்கைன் இருந்த பெட்டியோடு ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கிப் பிடிபட்டார். பாட்டி வதிவிடப் பாடசாலையில் இருந்தவர். வீட்டுத் தண்டனையைச் சட்டம் தடுத்ததால் சிறை கிடைத்தது. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தடை செல்லும் என்றது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17ஆம் திகதி நாடாளுமன்றமே புதிய சட்டத்தால் அந்தத் தடைகளில் பெரும்பகுதியை நீக்கியது.

இது நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கிடைக்குமா?

'ஈ' உட்பிரிவின் இரண்டாம் பாதி கிடைக்காது. முதல் பாதி கிடைக்கும். எல்லாக் குற்றவாளிகளுக்கும் என்றுதான் அது சொல்கிறது. போர், முகாம், அகதி வாழ்க்கை என்று ஒருவருக்கு நேர்ந்ததை நீதிபதி முன் வைக்கலாம், வைக்க வேண்டும். கறுப்பின இளைஞர் ஒருவரின் மொறிஸ் வழக்கில் 2021இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், கிளாடூ முறையை அப்படியே மற்ற இனத்தவருக்கு மாற்ற முடியாது, ஆனால் இனவெறியின் தாக்கத்தைக் காட்டும் சமூகப் பின்னணிச் சாட்சியத்தைக் கேட்கலாம் என்றது. நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. நம்மைக் காயப்படுத்தியது வேறு ஒரு நாடு. அவர்களைக் காயப்படுத்திய அதே அரசின் பெயரில்தான் இன்றைக்கு அவர்கள் மீது வழக்கு நடக்கிறது.

மற்ற நாடுகளில்?

நியூசிலாந்தில் 2002 தண்டனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் கீழ் குற்றவாளியின் குடும்ப, பண்பாட்டுப் பின்னணியை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல ஒருவரை அழைக்கலாம். அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2013இல் பக்மி வழக்கில் கனடாவின் வழியை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் தன் சொந்த வறுமையையும் இழப்பையும் காட்ட வேண்டும் என்றது. ஆனால் சிறுவயதில் பட்ட கொடுமையின் கனம் வருடங்கள் போவதால் குறையாது என்றும் ஏற்றுக்கொண்டது.

கிளாடூவுக்குக் கடைசியில் என்ன ஆனது?

அவருடைய மேன்முறையீடு தள்ளுபடியானது. கீழ் நீதிபதி பிழை விட்டார் என்று சொன்ன உச்ச நீதிமன்றமே, குற்றத்தின் பாரதூரத்தைப் பார்த்தால் மூன்று ஆண்டு நியாயமற்றது அல்ல என்றும் சொன்னது. அதற்குள் அவர் வெளியே வந்திருந்தார். ஆறு மாதம் சிறையில் இருந்த பிறகு, தந்தையோடு தங்க வேண்டும், மின்னணுக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு விட்டார்கள்.

தீர்ப்பில் ஒரு சின்னத் தகவல் இருக்கிறது, நான் வாசித்த நாளிலிருந்து மறக்கவில்லை. வழக்கு முடியும் முன் பிணையில் இருந்த காலத்தில் அவர் பத்தாம் வகுப்பை முடித்து, பதினோராம் வகுப்புக்குத் தயாராக இருந்தார். மதுப் பழக்கத்துக்கு ஆலோசனை பெறவும் போயிருந்தார். போன இடம் தில்லிக்கம் ஹவுஸ், பூர்வகுடி மக்களின் நட்புறவு நிலையம். அது இருப்பது நனைமோ நகரத்தில்.